பதினாலு பேருக்கும் ஐம்பத்திரண்டு கிலோ

மாராத்தாள் தரையை விட்டு நாலு விரக்கடை எழும்பியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வேலாங்காட்டுப்புதூரில் வேறெந்த விசேஷமும் நடக்கவில்லை. கறிக்கடையில் வழக்கம்போலக் கூட்டம், பல்லடம் போகிற டவுன் பஸ் வழக்கம்போல இருபது நிமிஷம் லேட்டு, பைபாஸ் ஓரத்து எடை மேடையில் மக்காச்சோள லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன, அந்த மேடைக்குச் சொந்தக்காரியான ருக்மணியும் வழக்கம்போலப் பத்து மணிக்குப் பொறுப்பை உதவியாள் சென்னியப்பனிடம் விட்டுவிட்டு, ஒரு கையில் ஒப்புட்டுப் போளி வைத்த டிபன் பாக்ஸும் மறு கையில் நகவெட்டியுமாக, அம்மா இருக்கிற முதியோர் இல்லத்துக்கு நடந்து போனாள். அந்த இல்லத்துக்குப் பெரிய பேர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, மஞ்சக்கேட்டு என்பார்கள்.

ருக்மணியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷமாக எடை போடுகிறவள் அவள். லாரி தூரத்தில் வரும்போதே டயர் அமுங்கியிருக்கிற அழகைப் பார்த்து இத்தனை டன் என்று சொல்லிவிடுவாள், மேடையில் ஏற்றினால் அம்பது கிலோ முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் போகாது. மணலில் தண்ணி ஊற்றிக் கொண்டுவருகிறவன், காலி எடை போடும்போது சீட்டுக்கு அடியில் ஆளை ஒளித்து வைக்கிறவன், எல்லா டகால்டியும் அவளுக்கு அத்துப்படி. அவள் மேடையின் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசினவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தனும் இல்லை.

அப்படிப்பட்டவள் அம்மாவின் வலது காலைத் தூக்கி மடியில் வைத்து நகம் வெட்ட உட்கார்ந்தாள். மாராத்தாள் ஒரு காலத்தில் எண்பத்தோரு கிலோ. இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்த பிறகும் ஆள் அசரவில்லை. வாராவாரம் அந்தக் கால் ஆட்டுக்கல் மாதிரி மகளின் மடியில் உட்காரும், அஞ்சு விரலை முடிப்பதற்குள் ருக்மணியின் தொடை மரத்துப்போகும், "எடும்மா, கால் மரத்துப்போச்சு" என்பாள் இவள், "இரு கண்ணு, சுண்டுவிரல் பாக்கி கெடக்குது" என்பாள் அவள். இந்த வாரம் அஞ்சு விரலும் முடிந்துவிட்டது, தொடை மரக்கவில்லை. ருக்மணி குனிந்து பார்த்தாள். அம்மாவின் பாதத்துக்கும் தன் மடிக்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அம்மாவுக்கும் நாற்காலிக்கும் நடுவிலும் அதே வெளிச்சம் தெரிந்தது.

"எத்தன நாளா இப்படி?" என்றாள்.

"ஒரு வாரம் ஆச்சு கண்ணு. மொதல்ல செருப்பு தரையில படல. அப்பறம் நானே படல."

"ஆயாகிட்டச் சொன்னியா?"

"சொல்றதுக்கு ஆளு வந்தாத்தானே சொல்றது?" என்றாள் மாராத்தாள், ஒப்புட்டைப் பிட்டுக்கொண்டே.

ஏன் எழும்பினாள், எதனால் எழும்பினாள் என்று என்னை நோண்டாதீர்கள், எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், துளசியக்கா அங்கே தலைமை ஆயாவாக இருந்தவரைக்கும் ஒருத்தரும் எழும்பவில்லை. துளசியக்கா காலையில் பதினாலு பேரையும் பேர் சொல்லி எழுப்புவாள், வெள்ளிக்கிழமை உச்சந்தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பாள், கடைசி வாய் உள்ளே போகிறவரை தட்டுக்கு முன்னால் இருந்து நகர மாட்டாள், "இதைத் தின்னாம எங்க போறீங்கன்னு பாக்கறேன்" என்று மிரட்டவும் செய்வாள். பிறகு சென்னையில் இருக்கிற டிரஸ்டுக்காரர்கள் கோகுலகிருஷ்ணன் என்றொரு மேனேஜரை அனுப்பினார்கள், அவர் வாசனையாக வந்தார், எட்டு ஆயாக்கள் மூணு ஆனார்கள், துளசியக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள், சாயங்காலச் சுண்டல் ரெண்டு பிஸ்கட்டாகி அப்புறம் ஒரு பிஸ்கட்டானது, எண்ணெய்க் குளியல் மாசத்துக்கு ஒன்றானது, கட்டிலோரத்து அழைப்பு மணிகள் சத்தமாக இருக்கின்றன என்று வயர்களைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் மாராத்தாள் எழும்பினாள், மறுவாரம் பக்கத்துக் கட்டில் ராயப்பன் எழும்பினார், சித்திரை பிறப்பதற்குள் பதினாலு பேரும் எழும்பிவிட்டார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான் எடுத்துக்கொண்டது. முதல் ரெண்டு நாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தெரிகிற தலைகளைப் பார்த்து நின்றார்கள், மூணாம் நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், "அப்பாரு, பஸ்ஸு தெரியுதுங்களா?" என்று ராயப்பனிடம் கேட்க ஆரம்பித்தார்கள், அவரும் நெற்றிக்குக் கைவைத்துப் பார்த்துவிட்டு, "சூலூர்ப் பிரிவுல திரும்புது, ஓடி வா" என்பார்; வடகம் காயப்போட்ட பெண்கள் எதிர்மாடியில் காக்கா வந்தால் சத்தம் கொடுக்கச் சொல்லி மாராத்தாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்; தறிக்குடோனில் டியூப்லைட் போனபோது ஏணி தேடாமல் மஞ்சக்கேட்டுக்கு ஆள் விட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, நன்றாகச் சிரித்துப் பேசினார்கள், முறுக்குகூடக் கொடுத்தார்கள். இவர்கள் ஏன் மேலே போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சொந்தக்காரர்களோ சந்தோஷப்பட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். படுக்கைப்புண் வரவில்லை, அப்பா பஞ்சு மாதிரி இருக்கிறார் என்று துபாயில் இருந்து வீடியோவில் பார்த்த மகன் சொன்னான். கோகுலகிருஷ்ணனுக்கு ஒரே குஷி. தூக்க வேண்டாம், புரட்ட வேண்டாம், பதினாலு பேரின் இடுப்பிலும் சேலைத்துணியைக் கட்டி, ஒரு ஆயா ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஹாலில் இருந்து வராந்தாவுக்குப் போய்விடலாம், மூணு ஆயா எதற்கு, ரெண்டு போதும் என்று இன்னொருத்தியையும் நிறுத்தினார். தலை அடிபடும் என்று மின்விசிறிகளையும் நிறுத்தினார்கள். சித்திரை வெயிலில் விட்டத்தில் ஒட்டிக்கொண்டு பதினாலு பேரும் வேர்த்துக் கொட்டினார்கள், அந்த வேர்வை கீழே கட்டிலில் சொட்டியது.

வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் ராயப்பனின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஒரு சின்னக் காற்றுதான், அதற்கே ஆள் கால் மைல் போய்ச் செல்போன் கோபுரத்தில் மாட்டிக்கொண்டார். தென்னை ஏறுகிற குப்பனை விட்டு இறக்கினார்கள். மேனேஜர் அதை நோட்டில், "திரு. ராயப்பன் வெளியே காற்றாட அழைத்துச் செல்லப்பட்டார்" என்று எழுதினார். ருக்மணி அன்றைக்குத்தான் காலண்டரில் ஆடிக்கு நாள் எண்ணினாள். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாயில் இருந்து வருகிற காற்று அந்தப் பக்கத்தில் ஓட்டையும் தகரத்தையும் தூக்கும், காற்றாலை இறக்கைகளை உறுமவைக்கும். ஆடிக்கு முன்னால் அம்மா தரையிறங்கவில்லை என்றால் அம்மாவை எந்தக் கோபுரத்தில் போய்த் தேடுவது?

"கெளம்பும்மா, என்கூட வந்துரு" என்றாள். "மேடைக்குப் பின்னாடி ரூம்புல ஒரு கட்டில் போட்டுத் தாறேன்."

மாராத்தாள் விட்டத்தில் இருந்து அவளைக் குனிந்து பார்த்தாள். "நா வந்துருவேன் கண்ணு. நா வந்துட்டா நீ இங்க வர்றதை நிறுத்திருவ. மிச்சம் பதிமூணு பேரு இருக்காங்கல்ல, அதுல அஞ்சு பேருக்குக் கேக்க நாதி இல்ல. நீ கேளு. நா இங்கயே இருக்கறேன்."

ருக்மணிக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, ரெண்டையும் முழுங்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"ஆயா பத்தலீங்க, மணி அடிக்கலீங்க, எங்கம்மா எளச்சுட்டுப் போறாங்க" என்றாள்.

கோகுலகிருஷ்ணன் சிரித்த முகம் மாறாமல் எடை நோட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. மார்ச் ஐம்பத்திரண்டு, ஏப்ரல் ஐம்பத்திரண்டு, மே ஐம்பத்திரண்டு. ஒரு கிலோகூடக் குறையல. நீங்க வாரத்துக்கு ஒருநாள் வர்றீங்க, நாங்க தினமும் பாக்கறோம்."

அந்தக் கடைசி வார்த்தை ருக்மணியைச் சுருக்கென்று குத்தியது, உண்மைதானே, வாரத்துக்கு ஒருநாள்தான் வருகிறாள். ஆனால் குத்தின இடத்தைத் தடவிக்கொண்டு உட்காருகிற ரகம் இல்லை அவள். நோட்டைப் புரட்டினாள். ராயப்பன் ஐம்பத்திரண்டு, ஆறடி உயரம் இருந்த பால்காரர் பொன்னப்பன் ஐம்பத்திரண்டு, குருவி மாதிரி இருக்கிற சரசு டீச்சரும் ஐம்பத்திரண்டு. ருக்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே லாரியக் காலையில போட்டு மத்தியானம் போட்டாலே பத்து கிலோ மாறுமுங்க. மழை பெஞ்சா மாறும், டீசல் தீந்தா மாறும். உசுரோட இருக்கற மனுசன் மாறலீன்னா அது எடை இல்லீங்க, எழுத்து" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் மற்ற குடும்பங்களை மேடைப் பக்கத்து டீக்கடைக்குக் கூப்பிட்டாள். ஆறு பேர் வந்தார்கள், வந்தவர்களும் டீயை ஊதிக்கொண்டே பம்மினார்கள்.

"அக்கா, நீ சத்தம் போட்டுட்டு மேடைக்குப் போயிருவ. உள்ள கெடக்கறது எங்கப்பன்" என்றான் ராயப்பனின் மகன் நடேசன். "புகார் சொன்னா ஆளக் கூட்டிட்டுப் போன்னு சொல்லிட்டாங்க. தறி ஓட்டிட்டு நா எப்படிப் பாக்கறது? தன் கஷ்டத்த வாய் தெறந்து சொல்லாதவருங்க, கோவத்த அவர் மேல காட்டுனா என்ன பண்ணுவேன்?"

"பயமாத்தான் இருக்கும் நடேசா, எனக்கும் இருக்குது" என்றாள் ருக்மணி. "அதனால சத்தமே போட வேண்டாம். எழுதலாம்." மேசை மேல் ஆளுக்கொரு ரசீதுக் கட்டை வைத்தாள், எடை மேடையின் பழைய ரசீதுகள், பின்பக்கம் வெள்ளை. "தேதி, நேரம், கண்ணால பாத்தது. மூணே விஷயம். கேள்விப்பட்டது வேண்டாம், ஆத்திரம் வேண்டாம். லாரி எடை போடறப்ப டிரைவர் கோவமா இருந்தான்னு நாம எழுதறதில்லையே."

மூணு வாரத்தில் நாற்பத்தோரு ரசீது சேர்ந்தது. நடேசன் எழுதியதை ருக்மணி கட்டுக்கு மேலே வைத்தாள்: "பத்தாம் தேதி, பகல் 12.20. சாப்பாட்டுத் தட்டு மேசை மேல், அப்பா விட்டத்தில். இறக்கி ஊட்ட ஆள் வரவில்லை. 1.05க்குத் தட்டை எடுத்துப் போனார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன், உள்ளே விடவில்லை." இன்னொன்று சரசு டீச்சரே எழுதியது, விட்டத்தில் இருந்தபடி கரும்பலகை எழுத்தில்: "என்னை ஐந்து நாளாக யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை."

நாற்பத்தொன்றையும் நூலில் கோத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்று கொடுத்தாள் ருக்மணி. அங்கே ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை, அவளுக்கு முன்னால் நின்ற மனு நிலத்தகராறு, பின்னால் நின்றது பாதாளச் சாக்கடை. மனுவை வாங்கினது சமூக நலத்துறை அலுவலர் அமலோற்பவம், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு பண்ணுகிற அம்மாள்.

"மெதக்கறாங்களா?" என்றார்.

"ஆமாங்க."

அமலோற்பவம் விதிமுறைப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார். "மெதக்கறதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல. எடை குறையறதைப் பத்தி இருக்கு. வியாழக்கிழமை வர்றேன்."

வியாழக்கிழமை வந்தார். பதினாலு பேரும் கச்சிதமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், கால் தரையில் பட்டது, பவுடர் போட்டிருந்தார்கள். அமலோற்பவம் எடை இயந்திரத்தைக் கேட்டார், வந்தது, யாரும் ஏறாமலே முள் ஐம்பத்திரண்டில் நின்றது. அவர் அதைத் தட்டினார், உதைத்தும் பார்த்தார். அது அசையவில்லை.

"எல்லாருக்கும் எப்படி ஐம்பத்திரண்டு?" என்றார்.

"ஒரே சாப்பாடு, ஒரே அக்கறை மேடம்" என்றார் கோகுலகிருஷ்ணன், கொஞ்சமும் கூசாமல். "அதான் ஒரே எடை."

"நல்லது. அரசு முத்திரை போட்ட எடை இங்க பக்கத்துல எங்க இருக்கு?"

வாசலில் நின்றிருந்த ருக்மணி தொண்டையைச் செருமினாள். மேனேஜர் முகத்தில் ஒரு நிமிஷம் ரத்தம் வற்றியது, மறுநிமிஷம் தெளிந்துவிட்டார். பதினாலு பேரையும் தானே முன்னின்று இல்லத்து வேனில் ஏற்றுவதாகவும், மேடம் முன்னால் ஜீப்பில் போகலாம் என்றும் சொன்னார். ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்தான், காற்று அன்றைக்கே புழுதியைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேன் பைபாஸில் திரும்பியபோது மேடையோரம் ஊரே நின்றது, டீக்கடை மூடியிருந்தது, லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ருக்மணி டயரைப் பார்த்தாள், பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஆனாலும் வேனை மேடையில் ஏற்றச் சொன்னாள். வேனின் காலி எடை போன மாசம் எஃப்.சி. காட்டப் போட்டது, ரெண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. இப்போது விளக்கில் விழுந்த எண் மூவாயிரத்து ஐந்நூற்று எழுபது. அமலோற்பவம் விரல்விட்டுக் கழித்தார், எழுநூற்று முப்பது. பதினாலு பேர், ஆளுக்கு ஐம்பத்திரண்டு, மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும், கணக்கு அப்படியே பொருந்தியது.

"திருப்தியா மேடம்?" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"எனக்குத் திருப்தி இல்லீங்க" என்றாள் ருக்மணி. குரலை உயர்த்தவே இல்லை. "என்ர மேடையில ஒரு முறை இருக்குதுங்க மேடம். டிரைவர் எறங்கோணும். சரக்கு எதுவோ அது மட்டும்தான் மேல இருக்கோணும். மத்ததெல்லாம் எறங்கோணும்." வேனின் பின்கதவைத் திறந்தாள், சீட்டுக்கு அடியில் விரித்திருந்த போர்வையை உருவினாள். மணல் மூட்டை. சென்னியப்பன் இறக்க இறக்க லாரிக்காரர்கள் சத்தமாக எண்ணினார்கள், பதினேழு மூட்டை. அப்புறம் மாராத்தாளின் சேலை ஓரத்தைத் தடவிப்பார்த்தாள், தையலுக்குள் கூழாங்கல். கத்தரிக்கோலை வாங்கி ஒவ்வொருவர் சேலை, வேட்டி ஓரத்தையும் பிரித்தாள், கல் பொலபொலவென்று உதிர்ந்தது. கல் உதிர உதிர அவர்கள் சீட்டை விட்டு எழும்பினார்கள், பதினாலு தலைகளும் வேன் கூரையில் மெத்தென்று முட்டின. ருக்மணி கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினாள்.

ரெண்டாயிரத்து எழுநூற்றுப் பத்து.

காலி வேனைவிட நூற்று முப்பது கிலோ குறைச்சல். பஸ் வருகிறதா என்று ராயப்பனைக் கேட்டவர்கள், காக்கா விரட்டச் சொன்னவர்கள், டியூப்லைட் மாட்டச் சொன்னவர்கள் எல்லாரும் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணுக்கு முன்னால் தலைக்கு மேலே இத்தனை நாளாகத் தெரிந்தது எதுவும் உறைக்காதவர்களுக்கு எண் உறைத்தது. நடேசன் வேன் ஜன்னலில் முகத்தை வைத்து, "அப்பா, அப்பா" என்று அழுதான். ரசீது கிர்ரென்று வெளியே வந்தது. ருக்மணி கிழித்து அமலோற்பவம் கையில் கொடுத்தாள், அவர் அதை ரெண்டு தரம் படித்துவிட்டு, எடை நோட்டுக்குள் வைத்து, நோட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் கோகுலகிருஷ்ணன், நீங்க என்கூட ஜீப்புல வர்றீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. டிரஸ்டுக்காரர்கள் சென்னையில் இருந்து பறந்து வந்தார்கள், துளசியக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவள், "எட்டுப் பேரும் வந்தா நா வாறேன், மணியெல்லாம் அடிக்கோணும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். ஊர்ப்பெண்கள் முறை போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸைக் கேட்பதை விட்டுவிட்டு, "அப்பாரு, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். சரசு டீச்சரை ஒரு நாளைக்கு இருபது பேர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், "போதும், காது வலிக்கிறது" என்று அவர் சொல்லுகிறவரை கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தராக இறங்கினார்கள்; பொன்னப்பன் கட்டில் கிறீச்சிட்ட அன்றைக்குத் துளசியக்கா பாயசம் வைத்தாள். முதலில் எழும்பின மாராத்தாள்தான் ஆனி முடிகிற வரை இறங்கவில்லை.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை காற்று வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை, டீக்கடைத் தகரம் பறந்து கிணற்றில் விழுந்தது, லாரித் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்தன, மஞ்சக்கேட்டின் கேட்டே கீலில் நின்று ஆடியது. ருக்மணி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினாள், வழி முழுக்க செல்போன் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடினாள். வராந்தாவில் நாற்காலி கிடந்தது, அதில் மாராத்தாள் இருந்தாள், எண்ணெய் வழிகிற தலையோடு, இடுப்பில் துணிகூடக் கட்டாமல். காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தது, இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"ஏங்கண்ணு இப்படி ஓடியார்ற? நகவெட்டி கொண்டுவந்தியா?" என்றாள்.

ருக்மணி கீழே உட்கார்ந்து அம்மாவின் வலது காலை எடுத்து மடியில் வைத்தாள். அது மடியில் உட்கார்ந்தது. கட்டைவிரலை வெட்டினாள், அடுத்ததை வெட்டினாள், மூணாவது விரலுக்கு வரும்போது தொடையில் எறும்பு ஊர்ந்தது, அஞ்சாவதில் தொடை இருக்கிற உணர்வே இல்லை. எந்த எண்ணும் விழாத அந்த மடியைப் பார்த்து அவள் கண்ணீர் விட்டாள்.

"மரத்துப்போச்சா கண்ணு? எடுத்துக்கட்டா?"

"வேண்டாம்மா, அங்கயே இருக்கட்டும்" என்றாள் ருக்மணி. பத்து விரலும் வெட்டி முடித்து வெகுநேரம் ஆகியும் அவள் நகவெட்டியைக் கீழே வைக்கவில்லை.